எட்டாம் கத்திரியன்று கூப்பிடுபாறையில்

கொடுக்காம்பட்டிக்கு மேற்கே மலை நிற்கிறது, மலையின் நெற்றியில் துருத்திக்கொண்டு கூப்பிடுபாறை நிற்கிறது, அந்தப் பாறையில் ஏறி நின்று கூப்பிட்டால் எதிரொலி ஒன்பது வருஷம் கழித்துத்தான் வரும். ஊர்க்காரர்கள் இதை பஸ் வரும் நேரம் சொல்வது போலத்தான் சொல்வார்கள். மழைக்காலத்திலோ பனிக்காலத்திலோ போய்க் கத்திப் பாருங்கள், எல்லாப் பாறையையும் போல உடனே திருப்பிக் கொடுத்துவிடும், ஒரு விசேஷமும் கிடையாது. கத்திரி வெயில் இருக்கிறதே, அந்த இருபத்தைந்து நாளில்தான் பாறைக்குத் தாகம். காலையிலிருந்து காய்ந்து காய்ந்து, உச்சிப்பொழுதில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது எதைக் கொடுத்தாலும் மடக்கென்று குடித்துவிடும். குடித்ததை ஒன்பது வருஷம் வயிற்றில் வைத்திருந்து, அதே கத்திரியில், அதே நாளில், அதே நேரத்துக்கு, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வெளியே விடும். ஒரே ஒரு தடவைதான் விடும். அந்த நேரத்துக்குப் பாறைமேல் நிற்காதவனுக்குப் போனது போனதுதான்.

ஏன் ஒன்பது, எட்டோ பத்தோ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஊரில் கேட்டால், "உங்களுக்கு எத்தனை வேணும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் மைக்கும் பெட்டியுமாக வந்து, நாக்குத் தள்ள ஏறி, மூன்று நாள் பாறையில் தவம் கிடந்து, காற்றுச் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணிக்கொண்டு இறங்கினார். "மெஷினையா கூப்பிட்டாங்க, அதுக்குக் கேக்குறதுக்கு?" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

அப்படியொரு பாறையை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வரப்புத் தகராறில் மேலே ஏறி நின்று, ஒருத்தன் வம்சத்தை ஒருத்தன் இழுத்துத் திட்டிக்கொண்ட இரண்டு பேர், ஒன்பது வருஷத்துக்குள் சம்பந்தி ஆகிவிட்டார்கள். பேரப்பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவதற்காக இரண்டு குடும்பமும் பாறைமேல் நின்ற அன்றைக்குப் பார்த்து அத்தனை வசவும் வரிசை மாறாமல் வந்தது. மருமகள் பிள்ளையின் காதைப் பொத்தினாள், சம்பந்திகள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பாறைமேல் கெட்ட வார்த்தை கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம். ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தர் மேலேறி நின்று, அணை கட்டித் தருவேன், ரோடு போட்டுத் தருவேன் என்று கத்திவிட்டுப் போனார்; ஒன்பதாம் வருஷம் ஊரே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது; அதற்குள் இரண்டு கட்சி மாறியிருந்தவர், முழுசும் கேட்டுவிட்டு, "யாருப்பா இது, நல்லாப் பேசுறானே" என்றார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஏறிப்போய் ஒருத்தர் பெயரை ஒருத்தர் கூப்பிட்டு வைப்பார்கள். ஒன்பது வருஷம் கழித்துச் சேர்ந்து ஏறிப்போய் அதைக் கேட்க மனசும் முழங்காலும் இருந்தால் அதுதான் கல்யாணம் என்று ஊரில் ஒரு கணக்கு.

இதிலெல்லாம் முக்கியமானது வாய்க்காவல். செல்லக்கண்ணு என்று ஒருத்தி. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத மகனுடைய குரலைக் கேட்க மேலே போனாள். "அம்மா!" என்று குரல் வந்தது. பெற்றவள் சும்மா இருப்பாளா? "என்னய்யா!" என்றாள். அவ்வளவுதான், மிச்சத்தைப் பாறை விழுங்கிவிட்டது. வந்துகொண்டிருக்கிற குரலுக்குக் குறுக்கே பதில் சொன்னால் பாறை அப்படித்தான் செய்யும். அவள் சாகிறவரைக்கும் போகிற வருகிறவர்களை நிறுத்தி, "எம் மகன் என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க மனுஷப் பிறவியால் முடியாது என்று ஊருக்கு அப்போது புரிந்தது. அதற்குப் பிறகு, குரல் கேட்கப் போகிறவர் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, குரல் ஓயும்வரை அவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று வழக்கம் வந்தது. வாய்க்காவலுக்கு வருகிறவர் குரலுக்கு உரியவரின் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குரலில் அவருக்கும் பங்குண்டு. கூட வந்த மற்றவர்கள் எல்லாம் ஈரத்துண்டைத் தலையில் போட்டு, காதைப் பொத்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட வேண்டும். கீழே இறங்கியதும் அடிவாரத்துப் புளியமரத்தடியில் காத்திருக்கிற சனத்துக்கு, வாய்க்காவல் ஆள் என்ன வந்தது என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுவார். மேற்கொண்டு யாரும் கிளற மாட்டார்கள். அந்தப் பேச்சு கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. பொய் சொன்னால் அந்த ஆளின் குரலைப் பாறை ஆயுசுக்கும் வாங்காது என்பார்கள். அப்படி யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

பவுன்தாய்க்கு இந்த வழக்கம்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

பவுன்தாய் மாங்காய்க் கிட்டங்கியில் பழம் தரம் பிரிக்கிறவள், நாற்பத்தொன்பது வயது, பிள்ளை குட்டி இல்லை. அவள் புருஷன் பெருமாயன் எஸ்டேட் ஜீப் ஓட்டியவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எட்டாம் கத்திரியன்று காலையில், புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை. அவனுடைய அக்கா ஒச்சம்மா, கட்டினவன் செத்துத் தனியாகக் கிடந்தாள். அவளை நம்ம வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம் என்றான் பெருமாயன். "ஒரு அடுப்படியில ரெண்டு பொம்பளைக்கு இடமில்ல" என்றாள் பவுன்தாய். வார்த்தைக்கு வார்த்தை தடித்தது. "தலை காயுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போட்டு வைத்த சோற்றைத் தொடாமல் மலைக்கு ஏறிவிட்டான். உச்சிப்பொழுது தாண்டி ஒரு மணி வாக்கில் அவன் கூப்பிடுபாறையில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தியதையும், பிறகு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சரிவில் இறங்கியதையும் காட்டிலாகா வாச்சர் காமுத்துரை எதிர்ச்சரிவிலிருந்து பார்த்திருக்கிறார். என்ன கத்தினான் என்று அவருக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு மாநிலத்துப் போலீசும் தேடியது. காடு அப்படிப்பட்ட காடு. யானைத்தடமும் கிடுகிடு பள்ளமும்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு மாசம் கழித்து ஒரு லாரி கிளீனர், அந்தப் பக்கம் ஏதோ ஒரு டவுனில் பெருமாயனைப் போல ஒருத்தர் டீக்கடையில் நிற்கிறார், கூட ஒரு மலையாளத்துப் பொம்பளை இருக்கிறாள் என்று சொன்னான். அந்தப் பேச்சு ஊருக்குள் வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. புருஷன் விட்டுட்டுப் போனவள் என்று பாதி ஊர் பவுன்தாயைப் பார்த்தது. தம்பி அப்படிப்பட்டவன் இல்லை, அவனைத் துரத்திவிட்டவளே இவள்தான் என்று ஒச்சம்மா தெருவில் நின்று சொன்னாள். தம்பியை ஏற்றிவிட்டுக் குடும்பத்தைக் குலைத்தவள் அவள்தான் என்று இவள் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தாலும் குடம்தான் குடத்தோடு இடித்துக்கொள்ளும்.

பவுன்தாய் அந்த டீக்கடைக்காரியைத் தினமும் வைதாள். அவளுக்கு ஒரு மூக்கு, ஒரு கண்மை, ஒரு சிரிப்பு எல்லாம் இவளே வைத்துக்கொடுத்து, பழத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் வைதாள். வைதுவிட்டு, "சரி, நேரத்துக்குச் சோறாவது போடுறாளா, அவருக்குப் பசி தாங்காதே" என்று நினைத்துக்கொள்வாள். ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டால் கை அப்படியே நிற்கும். ஒன்பது வருஷமாக அந்தக் கை நிற்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறவர்கள் அது மறுபடி அசைகிறவரைக்கும் தங்கள் கையையும் நிறுத்திக்கொள்வார்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அந்தப் பாறையில் நின்று அந்த மனுஷன் என்ன சொன்னார்? நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாரா, இல்லையா?

ரத்த சொந்தம் என்று பெருமாயனுக்கு ஒச்சம்மா ஒருத்திதான். பவுன்தாய் காமுத்துரையிடம் சொல்லி அனுப்பினாள். ஒச்சம்மா பதில் அனுப்பினாள்: "எந்தம்பி குரலுக்காக வாரேன்னு சொல்லு. அவளுக்காக இல்ல."

கத்திரி எட்டாம் நாள், கிழக்கு வெளுக்கும்போது மூன்று பேரும் புறப்பட்டார்கள். காமுத்துரை முன்னால் அரிவாளோடு, நடுவில் பவுன்தாய், பத்தடி விட்டு ஒச்சம்மா. மாந்தோப்பு முடிகிறவரைக்கும் நிழல். தோப்பு முடிந்ததும் வறண்ட ஓடை. ஓடைக் கல்லெல்லாம் அந்நேரத்துக்கே சுட ஆரம்பித்துவிட்டது. அதைத் தாண்டி உண்ணிச்செடிப் புதர், புதரைத் தாண்டி வழுக்குப்பாறை, வழுக்குப்பாறையைத் தாண்டி சுக்குநாறிப்புல் சரிவு. அந்தச் சரிவுதான் ஆளைக் கொல்வது. இரண்டரை மணி நேரம் ஒரு குச்சி நிழல் கிடையாது, புல் காய்ந்து மஞ்சளாக நின்று காலைக் கிழிக்கும், மேலே பார்த்தால் உச்சி பக்கத்தில் இருப்பது போலிருக்கும், நடந்து போனால் அது எழுந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பவுன்தாய்க்கு வலது முழங்கால் தேய்மானம். ஏழெட்டு எட்டுக்கு ஒரு தரம் நின்றாள். ஒச்சம்மா ஏழு வயது மூத்தவள், ஆனால் எஸ்டேட்டில் ஏலக்காய் மூட்டை சுமந்த உடம்பு, விறகு மாதிரி காய்ந்து இறுகியிருந்தது, மூச்சுக்கூட வாங்கவில்லை.

"காமுத்துரை," என்றாள் ஒச்சம்மா பின்னாலிருந்து, "இப்படி உக்காந்து உக்காந்து போனா ஒரு மணிக்கில்ல, நாளைக்கு ஒரு மணிக்குத்தான் போய்ச் சேரலாம்னு சொல்லு."

காமுத்துரை திரும்பி, "அக்கா என்ன சொல்றாகன்னா…" என்று ஆரம்பித்தார்.

"காது கேக்குதுண்ணே," என்றாள் பவுன்தாய். "அவசரம்னா முன்னால போகச் சொல்லுங்க. அவுக தம்பியும் அப்படித்தான், நின்னு ஒரு வார்த்தை கேட்டாத்தானே."

"நின்னு கேக்குற மாதிரியா பேசுனாகன்னு கேளு காமுத்துரை."

"அடப் போங்கம்மா," என்றார் காமுத்துரை. "எனக்கு வாயும் ஒன்னுதான், தண்ணியும் ஒரு கேன்தான். ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசுனா நாக்கு வறண்டு இங்கயே விழுந்துருவேன். நீங்களே பேசிக்கங்க, இல்லன்னா சும்மா வாங்க."

சும்மா வந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகில் கை வைத்து அழுத்தியது. தண்ணீர் கேனிலேயே வெந்நீராகிவிட்டது. காற்று என்று ஒன்று வந்தது, வந்ததற்கு வராமலே இருந்திருக்கலாம். கீழே கொடுக்காம்பட்டி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. கண்மாய் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் மினுங்கியது. ரோட்டில் போகிற பஸ் எறும்பாகி, எறும்பும் இல்லாமல் போனது. இந்த வழியில்தானே வெறும் வயிற்றோடு ஏறினார் என்று நினைத்தாள் பவுன்தாய். இந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பாரா, இந்த இடத்தில் திரும்பி வீட்டைத் தேடிப் பார்த்திருப்பாரா? அவள் தேடிப் பார்த்தாள். அவள் வீட்டு ஓடு எது, பக்கத்து வீட்டு ஓடு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி ஏற்றம் நெட்டுக்குத்து. பாறை இடுக்கில் கையை மாட்டிக் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். பாதியில் பவுன்தாயின் முழங்கால் மடங்கியது, சறுக்கி நான்கு முழம் கீழே வந்து ஒரு வேரில் தொத்தி நின்றாள். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. காமுத்துரை மேலேயிருந்து மணி பன்னிரண்டு பத்து என்று கத்தினார்.

"என்னால ஆகாதுண்ணே," என்றாள் பவுன்தாய். "கால் ஊன முடியல." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். ஒன்பது வருஷம் காத்திருந்து, கூப்பிடு தூரத்தில் வந்து, ஒரு முழங்கால் மறித்துக்கொண்டதே என்று அழுதாள்.

அப்போது ஒச்சம்மா கீழேயிருந்து அவள் காலுக்கு நேராகத் தோளைக் கொடுத்தாள். "என் தோள்ல மிதி," என்றாள்.

ஒன்பது வருஷத்தில் நேருக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"வேண்டாம் மதினி, கால் உங்க மேல படக் கூடாது…"

"மரியாதையைக் கீழ போய்ப் பாத்துக்கலாம். மணியாகுது, மிதிடி!"

பவுன்தாய் மிதித்தாள். ஒச்சம்மா முக்கி எழுந்தாள். மேலேயிருந்து காமுத்துரை துண்டை இறக்கி இழுத்தார். அப்படியே மூன்று இடத்தில் மிதித்து, மூன்று இடத்தில் இழுபட்டு, பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிடுபாறையின் மேல் மூன்று பேரும் வந்து விழுந்தார்கள்.

மேலே வேறு யாரும் இல்லை. கிழக்கே தேனிச் சமவெளி முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மேற்கே கேரளத்து மலைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, பச்சையாகி, நீலமாகி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் ஆகின. பவுன்தாய் மேற்கையே பார்த்தாள். எங்கேயோ அந்த நீலத்துக்குள் ஒரு டவுன் இருக்கிறது, அந்த டவுனில் ஒரு டீக்கடை இருக்கிறது, இந்நேரம் மத்தியானச் சோறு ஆகியிருக்கும் என்று நினைத்தாள்.

காமுத்துரை பெருமாயன் நின்ற இடத்தைக் காட்டினார். பாறை விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே ஒரு குழிவு. காட்டிவிட்டுத் தள்ளிப்போய், மிச்சத் தண்ணீரில் துண்டை நனைத்துத் தலையில் போட்டு, காதைப் பொத்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்களும் அந்தக் குழிவில் நின்றார்கள். செருப்பைத் தாண்டிப் பாறை சுட்டது. ஒச்சம்மா வலது உள்ளங்கையைப் பவுன்தாயின் வாயில் வைத்தாள். காய்த்துப்போன கை, ஏலக்காய் வாசம் இன்னும் போகாத கை. இடது கையால் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு அவள் மூச்சு கேட்டது, அவளுக்கு இவள் மூச்சு கேட்டது.

ஒரு மணி ஆனது. ஒரு மணி தாண்டி ஐந்து நிமிஷம் ஆனது. வராதோ என்று பவுன்தாய் பயந்தாள். வந்துவிடுமோ என்று அதைவிடப் பயந்தாள்.

"ஏ… பவுனு!"

காலுக்கடியிலிருந்து வந்தது. அதே குரல், ஜீப்பை நிறுத்திவிட்டு வாசலிலிருந்தே கூப்பிடுகிற அதே இழுவை. பவுன்தாயின் உடம்பு மொத்தமும் "என்னங்க!" என்று எழுந்தது, வாய் திறந்தது, ஒச்சம்மாவின் உள்ளங்கை இரும்பாக அழுத்தியது.

"வெறும் வயித்தோட வந்துட்டேன்டி, கிறுகிறுங்குது! கோவத்துல பேசுனதை மனசுல வச்சுக்காத!" நடுவில் மூச்சு வாங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மூச்சு, அதையும் பாறை விடாமல் வைத்திருந்தது. "அந்தப் பக்கம் இறங்கி ஒரு பலாப்பழம் தூக்கிக்கிட்டு இருட்டுறதுக்குள்ள வந்துர்றேன்! சோத்தைக் கொட்டிறாத, எனக்கு வேணும்! அக்காவை இன்னைக்கு நம்ம வீட்டுல வந்து சாப்பிடச் சொல்லு! கேக்குதா?"

அவ்வளவுதான். ஒரு சிரிப்பு வந்தது, இன்றைக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்துவதை நினைத்துத் தானே சிரிக்கிற சிரிப்பு. பிறகு வெறும் பாறை.

ஒச்சம்மா கையை எடுத்தாள்.

பவுன்தாயின் முகம் அப்படி மலர்ந்ததை அந்த மலை பார்த்தது, ஒச்சம்மா பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபமே இல்லை. பசிதான் இருந்திருக்கிறது. அடுத்த அறையில் இருக்கிறவருக்குச் சொல்வது போல, சத்தமே இல்லாமல், "சரிங்க. பாத்து வாங்க," என்றாள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அவ்வளவு நேரந்தான் இருந்தது.

"இருட்டுறதுக்குள்ள வந்துர்றேன்னான்," என்றாள் ஒச்சம்மா.

மிச்சத்தைச் சொல்லத் தேவை இல்லை. இருட்டுவதற்குள் வருகிறேன் என்ற மனுஷன் ஒன்பது வருஷமாக வரவில்லை என்றால் அவரை எந்த டவுனிலும் எந்த டீக்கடையிலும் தேட வேண்டாம். பவுன்தாய் மேற்கே பார்த்தாள். அந்தச் சரிவு அப்படியே செங்குத்தாகக் கீழே போனது. மூக்கும் கண்மையும் சிரிப்புமாக அவள் வளர்த்து வைத்திருந்த அந்தப் பொம்பளை ஒரு நொடியில் இல்லாமல் போனாள். அவளுக்காகவும் பவுன்தாய் அழுதாள். ஒன்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் இல்லையா? தலையை முட்டியில் புதைத்து, அந்தச் சுடுபாறையில் உட்கார்ந்து, "ஐயோ பசியோட போயிட்டாரே, பசியோட போயிட்டாரே" என்று மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி அழுதாள். ஒச்சம்மா நின்றபடியே மாரில் அடித்துக்கொண்டாள், சத்தம் வராமல் அடித்துக்கொண்டாள், காமுத்துரைக்குக் கேட்கக் கூடாது என்று.

வெகுநேரம் கழித்துப் பவுன்தாய் நிமிர்ந்தாள்.

"மதினி, கீழ என்ன சொல்லப் போறீங்க?"

"வந்ததைச் சொல்லணும். வாய்க்காவல் வந்திருக்கேன்ல."

"சொன்னா நாளைக்கே காரியம் பண்ணச் சொல்லுவாக. படம் மாட்டி மாலை போடச் சொல்லுவாக." பவுன்தாய் ஒச்சம்மாவின் கையைப் பிடித்தாள். "என்னைய வேண்டாம்னு வஞ்சுட்டுப் போனாருன்னு சொல்லிருங்க மதினி. அந்தப் பக்கம் பொழைக்கப் போறேன்னு சொன்னாருன்னு சொல்லிருங்க. ஊரு என்னைய என்ன வேணாப் பேசட்டும். இத்தனை வருஷம் பேசுனதுதானே. அவரு எங்கயோ இருக்காருன்னு இருக்கட்டும்."

தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒன்பது வருஷம் தெருவில் நின்று வாதாடியவள் ஒச்சம்மா. இன்றைக்கு அதற்குச் சாட்சி கிடைத்திருக்கிறது, அதுவும் அவன் வாயாலேயே. அவள் முந்தானையைக் கிழித்துப் பவுன்தாயின் முழங்காலில் இறுக்கிக் கட்டினாள், கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் அலறியது. காமுத்துரை ஒன்றும் கேட்கவில்லை, கேட்பது வழக்கம் இல்லை. ஒச்சம்மா முன்னால் இறங்கி, பவுன்தாய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். புல் சரிவு, வழுக்குப்பாறை, புதர், ஓடை, தோப்பு எல்லாம் வந்த வழியே மறுபடி வந்தன.

பொழுது சாய அடிவாரத்துக்கு வந்தபோது புளியமரத்தடியில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கிட்டங்கியில் வேலை செய்கிற பெண்கள் முழுக்க வந்திருந்தார்கள். யாரோ சொம்பில் மோர் கொடுத்தார்கள். பவுன்தாய் குடிக்கவில்லை. எல்லோரும் ஒச்சம்மாவின் வாயையே பார்த்தார்கள்.

ஒச்சம்மா மோரை வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்தாள். மலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தம்பி மோசக்காரன்," என்றாள், நல்ல சத்தமாக. "இவளும் வேண்டாம், நானும் வேண்டாம், அந்தப் பக்கம் போய்ப் பொழைச்சுக்கிறேன்னு வஞ்சுட்டுப் போயிருக்கான். எங்கயோ நல்லாத்தான் இருப்பான், பாவி."

கூட்டம் உச்சுக் கொட்டியது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றது ஒரு குரல். "விடு பவுனு, அவனெல்லாம் ஒரு மனுஷனா" என்றது இன்னொன்று. பவுன்தாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புருஷன் விட்டுட்டுப் போனவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். அவள் கை மட்டும் ஒச்சம்மாவின் சேலை நுனியைப் பிடித்திருந்தது. கூட்டம் கலைந்தது. பேச்சு முடிந்துபோன பேச்சு, இனி ஒருத்தரும் கிளற மாட்டார்கள்.

தெரு பிரிகிற இடத்தில் ஒச்சம்மா தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பவுன்தாயும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பவுன்தாய் விளக்கைப் போட்டு, காலை நீட்டிச் சுவரோரம் சாய்ந்தாள். ஒச்சம்மா நேராக அடுப்படிக்குப் போய், பாத்திரங்களைத் துழாவி, அரிசிப் பானையைத் திறந்தாள். வெளியே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எத்தனை பேருக்குப் போடட்டும்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"மூணு பேருக்குப் போடுங்க மதினி," என்றாள் பவுன்தாய்.

ஒச்சம்மா மூன்று பேருக்கு அளந்து போட்டாள்.